‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தது யார்?

வாசகர் கேள்வி – பதில்: வாகனக் காப்பீடு

கார் காப்பீட்டுத் தகராறுகள் பற்றி எழுதும்படி கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பாலிசி எடுக்கும்போது எதைச் சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதே அந்த இடம். க்ளெய்ம் பிரிவில் பல ஆண்டுகள் கோப்புகளைப் புரட்டியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்னால் வந்த லாரி என் கார் மீது மோதியது. வண்டியைச் சரிசெய்ய 2,86,000 ரூபாய் ஆகும் என்று சர்வேயர் மதிப்பிட்டார். முந்தைய பாலிசி காலத்தில் முன்கண்ணாடிக்காக 6,400 ரூபாய் க்ளெய்ம் வாங்கியிருந்தேன். புதுப்பிக்கும்போது ஏஜென்ட் சொன்னதால் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். எல்லாவற்றையும் போனிலேயே முடித்தார், என்னிடம் ஓடிபி மட்டும்தான் கேட்டார். இப்போது, ‘35 சதவீத நோ க்ளெய்ம் போனஸைத் தவறான உறுதிமொழி கொடுத்துப் பெற்றுள்ளீர்கள்’ என்று கூறி க்ளெய்மை முழுவதுமாக மறுத்துவிட்டார்கள். நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லையே?
– வாசகர், பென்னாகரம்

பதில்: முதலில் ஒரு காகிதத்தைக் கையில் வாங்குங்கள். நீங்கள் கொடுத்ததாக நிறுவனம் சொல்லும் முன்மொழிவுப் படிவத்தின், அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தின், நகல்தான் அது. அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு, கட்டணமும் கிடையாது. ‘முந்தைய பாலிசியில் க்ளெய்ம் உண்டா?’ என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் இருக்கும். ஆன்லைனில் எடுத்த பாலிசி என்றால், அந்த டிக் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த லாகின் வழியாக, எந்தக் கைபேசி எண்ணுக்குப் போன ஓடிபியால் உறுதி செய்யப்பட்டது என்ற விவரம் நிறுவனத்தின் கணினியில் இருக்கும். அதையும் எழுத்தில் கேளுங்கள். லாகின் ஏஜென்டுடையதாக இருந்தால் உங்கள் வாதத்தின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

நோ க்ளெய்ம் போனஸ் என்பது க்ளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது காருக்குச் சேர்ந்ததில்லை, உரிமையாளருக்குச் சேர்ந்தது. க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும். நடுவில் ஒரு க்ளெய்ம் வாங்கினால், அது 6,400 ரூபாயாக இருந்தாலும், அடுத்த புதுப்பிப்பில் போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே உங்களுக்கு 35 சதவீதம் சேர வேண்டியதில்லை என்று நிறுவனம் சொல்வது சரிதான். நீங்கள் அனுப்பியிருக்கும் பாலிசி ஷெட்யூலில் சொந்தச் சேதப் பிரீமியம், அதாவது உங்கள் காரின் சேதத்துக்கான பிரீமியம், 11,600 ரூபாய் என்றும், அதில் 4,060 ரூபாய் போனஸாகக் கழிக்கப்பட்டது என்றும் அச்சாகியிருக்கிறது. அந்தப் பிடிஎஃப் உங்கள் கைபேசிக்கு வந்த நாளிலேயே இந்த வரியைப் பார்த்திருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டப்போவது இந்த வரியைத்தான் என்பதால் மறைக்க விரும்பவில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருவோம். இந்த உறுதிமொழியின் வாசகம் கடுமையானது. சொன்னது தவறு என்று தெரியவந்தால் சொந்தச் சேதப் பிரிவின் பலன்கள் அனைத்தும் பறிபோகும் என்பது அதன் சாரம். ஆனால் அந்த வாசகத்தைத் தந்த அதே மோட்டார் டாரிஃப் (வாகனக் காப்பீட்டுக்கான விதித் தொகுப்பு) விதி, நிறுவனத்தின் மீதும் ஒரு கடமையைச் சுமத்தியிருக்கிறது. வெறும் உறுதிமொழியை நம்பிப் போனஸ் கொடுத்தால், பாலிசி கொடுத்த 21 நாட்களுக்குள் முந்தைய நிறுவனத்துக்கு எழுதி உண்மை நிலையைக் கேட்க வேண்டும், அந்த நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் முந்தைய நிறுவனத்திடம் விசாரித்த தேதி, நிராகரிப்புக் கடிதத்தின்படியே, விபத்து நடந்து பதினொரு நாட்களுக்குப் பிறகு வருகிறது. அதாவது பிரீமியம் வாங்கியபோது கேட்கத் தோன்றாத கேள்வி, பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் தோன்றியிருக்கிறது. என் பணிக்காலத்தில் இந்த வழக்கத்தை நான் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன், அது சரியென்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

இத்தகைய வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உள்ளன. தவறான உறுதிமொழி கொடுத்தவருக்கு எதுவும் இல்லை என்று சொன்னவையும் உண்டு. 21 நாள் கடமையைச் செய்யாத நிறுவனம் முழுத் தொகையையும் மறுக்க முடியாது, விகிதப்படி குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னவையும் உண்டு. நீங்கள் கட்ட வேண்டிய பிரீமியத்தில் 65 சதவீதம் கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் 2,86,000 ரூபாய்க்கு 1,85,900 ரூபாய் வரும். உங்கள் கடிதத்தில் முழுத் தொகையை முதல் கோரிக்கையாகவும், இந்த விகிதத் தொகையை மாற்றுக் கோரிக்கையாகவும் வையுங்கள். மாற்றுக் கோரிக்கை வைத்தால் முதல் கோரிக்கை பலவீனப்படும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஏஜென்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் ஆள், புரோக்கர் என்பவர் சட்டப்படி வாடிக்கையாளரின் சார்பாளர். உங்களிடம் வந்தவர் எந்த உரிமம் வைத்திருந்தார் என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் குறியீட்டை வைத்துக் கண்டறியலாம். அவர் ஏஜென்டாக இருந்து, கண்ணாடி க்ளெய்ம் பற்றி அவருக்குத் தெரியும் என்பதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருந்தால், நிறுவனத்தின் ஆளுக்கே தெரிந்த உண்மையை நீங்கள் மறைத்ததாகச் சொல்வது எப்படி என்று கேட்க இடமிருக்கிறது.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. அங்கே 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அதிகாரம் உண்டு. அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், முதலில் குறைதீர்ப்பாளரிடம் போவதே நல்லது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஒரு செய்தி இருக்கிறது. மோதியது லாரி, எஃப்ஐஆர் லாரி ஓட்டுநர் மீது பதிவாகியிருக்கிறது. அப்படியானால் உங்கள் காரின் சேதத்துக்கு லாரியால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் அதன் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே உங்கள் போனஸ் கதை எதுவும் எடுபடாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனுப்போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் ஏழு வாரங்கள்தான் இருக்கின்றன. இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் முழுப்பணம் வாங்க முடியாது, ஆனால் இரண்டு கதவையும் தட்டி வைப்பதில் தவறில்லை.

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் காரில் வேலைக்குப் போகிறேன். பெங்களூரு கேமராக்கள் பிடித்த சலான்கள் 14 நிலுவையில் உள்ளன. வேகம், சீட் பெல்ட், ஒன்றில் கையில் கைபேசி. பாலிசி புதுப்பிக்கும்போது இவற்றைச் சொல்லாவிட்டால் பின்னால் க்ளெய்ம் கிடைக்காது என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: அப்படியே உண்மை என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் தனியார் காருக்கான படிவங்களில் வழக்கமாக இருக்கும் கேள்வி, ஓட்டுநர் விபத்து அல்லது இழப்பு ஏற்படுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறாரா என்பதுதான். சீட் பெல்ட் சலான் அந்தக் கேள்விக்குள் வராது. ஆனால் நீங்கள் புதுப்பிக்கும் நிறுவனத்தின் படிவம் போக்குவரத்து விதிமீறல்களைப் பற்றி நேரடியாகக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். கேள்வியை முழுமையாகப் படித்து, கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

விதிமீறல்களைப் பிரீமியத்தோடு இணைக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2021-ல் பரிந்துரைத்தது. அது இங்கே பொது நடைமுறையாக ஆகவில்லை.

நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டும்போது கைபேசி, குடிபோதை போன்றவற்றுக்கு லைசென்ஸை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நிறுத்திவைக்கச் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் பட்டியலில் வேகமும் கைபேசியும் இருக்கின்றன. லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் நாட்களில் ஓட்டி விபத்து நடந்தால், சொந்தச் சேத க்ளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு உறுதியான காரணம் கிடைத்துவிடும். ஆர்டிஓ அனுப்பும் நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டது என்பதெல்லாம் பிறகு பேச வேண்டிய கதையாகிவிடும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் லைசென்ஸின் நிலையை இன்றே பாருங்கள், முகவரி மாறியிருந்தால் திருத்துங்கள். சலான்களைக் கட்டியும் விடுங்கள். நிலுவை இருந்தால் காரை விற்கும்போது பெயர் மாற்றம் தடைபடலாம். கர்நாடக அரசு 2023 முதல் சில முறை பாதி அபராதச் சலுகை அறிவித்திருக்கிறது, ஆனால் அடுத்த சலுகைக்காகக் காத்திருக்கும் பழக்கம் வேண்டாம். தினமும் அதே சாலையில்தான் போய் வருகிறீர்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் செவிலியர். பனியில் கார் வழுக்கி, நின்றிருந்த இன்னொரு கார் மீது மோதிவிட்டது. அவளுடைய காப்பீட்டு நிறுவனம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேகத்துக்காக அவள் லைசென்ஸில் 3 புள்ளிகள் ஏறியதைச் சொல்லவில்லை என்று கூறிப் பாலிசியையே செல்லாததாக்கிவிட்டது. அபராதம் கட்டியதோடு முடிந்தது, அது தண்டனை இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். இரவெல்லாம் போனில் அழுகிறாள்.
– ஒரு தந்தை, தருமபுரி

பதில்: உங்கள் மகளைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். அந்த நாட்டில் இதற்கென்றே தெளிவான சட்டம் இருக்கிறது. அங்கே விலை ஒப்பீட்டுத் தளத்தில் விண்ணப்பிக்கும்போதே, கடந்த ஐந்து ஆண்டுகளில் தண்டனைகளோ லைசென்ஸில் ஏறிய புள்ளிகளோ உண்டா என்று வழக்கமாகக் கேட்பார்கள். வேகத்துக்கான அபராதமும் 3 புள்ளிகளும் இந்தக் கேள்விக்குள் வரும். வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போய் முடித்திருந்தால் புள்ளியே ஏறியிருக்காது, அது தண்டனையாகவும் கருதப்படாது. அவள் போனது வகுப்புக்கா, புள்ளி ஏற்றுக்கொண்டாளா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஓட்டுநர் உரிமத் துறையின் தளத்தில் அவளே தன் பதிவைப் பார்த்துக்கொள்ள முடியும்.

புள்ளிகள் இருப்பது உண்மை என்றாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. 2012-ல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், வாடிக்கையாளர் தானாக எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதியை நீக்கிவிட்டது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னாரா என்பதே இப்போதைய அளவுகோல். தவறான பதிலையும் அந்தச் சட்டம் வகைப்படுத்துகிறது. வேண்டுமென்றோ, உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமலோ சொன்னால், நிறுவனம் பாலிசியை ரத்து செய்து பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் சொன்னால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்க்க வேண்டும். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்திருக்கும் என்றால், அந்த விகிதத்தில் க்ளெய்மைக் கொடுத்தாக வேண்டும். அவள் கட்டியது 640 பவுண்டு, உண்மையைச் சொல்லியிருந்தால் 800 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், 2,500 பவுண்டு சேதத்துக்கு 80 சதவீதமான 2,000 பவுண்டு அவளுக்குச் சேர வேண்டும். வேண்டுமென்றே சொன்னாள் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் இருக்கிறது.

ஆகவே அவள் கேட்க வேண்டியவை இரண்டு. அவள் செய்ததை எந்த வகையில் சேர்த்தீர்கள், அதற்கு ஆதாரம் என்ன என்பது ஒன்று. 3 புள்ளிகள் தெரிந்திருந்தால் எவ்வளவு பிரீமியம் கேட்டிருப்பீர்கள் என்பதற்கான உங்கள் உள் ஆவணத்தைக் காட்டுங்கள் என்பது இன்னொன்று. ஒரேயொரு வேக அபராதத்துக்காகப் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், அதை ஆவணத்தோடு நிறுவட்டும். எட்டு வாரங்களில் இறுதிப் பதில் வர வேண்டும். அது திருப்தியில்லை என்றால், பதில் வந்த ஆறு மாதங்களுக்குள் அங்குள்ள நிதிச் சேவை குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். அவருடைய இறுதி முடிவை உங்கள் மகள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாலிசி செல்லாததாக்கப்பட்டது என்ற பதிவு அப்படியே நின்றுவிட்டால், பிற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் அதைக் கேட்கும், பிரீமியம் பல மடங்கு ஏறும். அந்தப் பதிவை நீக்கும்படி முறையீட்டில் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மோதப்பட்ட காரின் உரிமையாளர் அனுப்பும் கடிதங்களுக்கு அவளாக எந்த ஒப்புதலும் எழுதித் தராமல் அவற்றை நிறுவனத்துக்கே அனுப்பட்டும். நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அவளிடம் திருப்பிக் கேட்க முயலலாம், அதனாலும் இந்த வகைப்படுத்தலை எதிர்த்தே ஆக வேண்டும்.

பென்னாகரம் வாசகரின் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் அடுத்தடுத்துப் படித்தபோது மனம் கனத்தது. கவனக்குறைவையும் ஏமாற்றையும் பிரித்து, கவனக்குறைவுக்கு விகிதப்படி கொடு என்று எழுதிவைத்த ஒரு சட்டப்பிரிவு நம் கார் உரிமையாளருக்கும் இருந்திருந்தால், அவர் எந்தத் தீர்ப்பு தன் பக்கம் வரும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று பக்கத்து வீட்டுக்காரர்களை என் காரில் ஒகேனக்கல் அழைத்துப் போனேன். திரும்பும்போது கார் கவிழ்ந்துவிட்டது. போகும்போது அவர்கள் 2,000 ரூபாய்க்கு டீசல் போட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது ‘வாடகைக்கு ஓட்டப்பட்டது’ என்று க்ளெய்மை மறுக்கிறார்கள்.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: அந்தத் தாளின் நகலை வாங்குங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது, பெரியவருக்குப் படித்துக் காட்டப்பட்டதா என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. நான் பார்த்த இத்தகைய வாக்குமூலங்கள் சிலவற்றில் மேலே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருக்கும், கீழே தமிழில் நடுங்கும் கையெழுத்து மட்டும் இருக்கும். தனியார் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் வாடகைக்குத்தான் ஓட்டினீர்கள் என்று நிறுவ வேண்டியது நிறுவனம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து போகும்போது டீசலுக்குப் பங்கு போடுவதை வாடகை என்று சொல்லிவிட முடியாது. நடந்ததை நடந்தபடி அந்தப் பெரியவரிடம் தமிழில் எழுதி, உறுதிமொழிப் பத்திரமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். டீசலை மறைத்து எழுத வேண்டாம், பங்க் ரசீது எங்கேயாவது இருக்கும்.

ஒருவேளை வாடகை என்றே முடிவானாலும் முழுத் தொகையையும் இழக்க வேண்டியதில்லை. நிதின் கண்டேல்வால் வழக்கில் 2008-லும், அமலேந்து சாஹு வழக்கில் 2010-லும் உச்ச நீதிமன்றம், பயன்பாட்டு நிபந்தனை மீறப்பட்டாலும் க்ளெய்மை முழுவதும் மறுக்காமல் தரநிலைக்கு உட்படாத தீர்வாகக் கொடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் அது ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை வரும். அலுவலகத்தில் ‘நான் ஸ்டாண்டர்ட் பேசிஸ்’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளையும் கடிதத்தில் குறிப்பிட்டு, முதலில் முழுத் தொகையையும், இல்லையேல் அதையும் கேளுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் பழைய கார் வாங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் பழைய உரிமையாளர் பெயரிலேயே அடுத்த மார்ச் வரை இருக்கிறது. அப்படியே விடலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: விட வேண்டாம். மூன்றாம் நபருக்கான பகுதி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும், சொந்தச் சேதப் பகுதி தானாக வராது. பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும், அது தாண்டிவிட்டது. நாளைக் காலையிலேயே ஆர்சி நகல், விற்பனைப் படிவம், பழைய பாலிசி ஆகியவற்றோடு அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். காரைச் சோதனையிடக் கேட்டால் காட்டுங்கள். பழைய உரிமையாளருடைய நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்குச் சேராது என்பதால், மீதமுள்ள மாதங்களுக்கு அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். தயங்காமல் கட்டி ரசீது வாங்குங்கள். உங்கள் பெயர் அச்சான மாற்றச் சான்று கைக்கு வரும்வரை வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள்.